கப்பலில் வந்த கம்பி

போர்ட் பிளேரில் ஒரு பொருளை எப்படி அழிக்கலாம் என்பது, அந்தப் பொருள் தீவுக்கு எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. தீவிலேயே கிடைத்த பொருளென்றால் ஒரு வாய்வார்த்தை போதும். படாக் மரக் கதவு, காட்டுக்கழி வேலி, கடல்மணல் பூசிய தளம், எதுவானாலும் ஓவர்சியர் காலால் தட்டிக் காட்டி "எடு" என்றால் எடுத்துவிடலாம். கப்பலில் வந்த பொருள் அப்படியல்ல. மெட்ராஸிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ அலையில் ஆடி வந்தது ஒரு ஆணியே ஆனாலும் அதற்கு மரியாதை உண்டு. அதைக் கழிக்க வேண்டுமென்றால் மூன்று பேர் கொண்ட குழு நேரில் வந்து பார்க்க வேண்டும். மூவரில் ஒருவர், அந்தப் பொருளைப் போலவே, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். குழு ஆண்டுக்கு ஒரு முறை, நவம்பரில் கூடும். அதுவரை பொருள் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே இருக்க வேண்டும்.

நம் கதையில் வரும் இலாகாவின் விதி இது. காரணமில்லாத விதியும் அல்ல. தீவில் செம்பு கிடையாது, இரும்பு கிடையாது. ஒரு காலத்தில் இங்கே ஒரு திருகாணி தொலைந்தால் அடுத்த திருகாணிக்கு மூன்று மாதம் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் யாரோ ஒரு அதிகாரி நல்ல எண்ணத்தோடு விதியைப் போட்டார். பிறகு ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். விதி இங்கேயே தங்கிவிட்டது.

1967ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஷாதிபூர் அரசுக் குடியிருப்பில் ஏழாம் நம்பர் வீட்டின் சமையலறையைப் பெரிதாக்கினார்கள். அங்கே குடியிருந்தவர் ஜம்புலிங்கம். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். கப்பல் டிக்கெட் கவுண்டரில் கிளார்க். எந்தக் கப்பல் எப்போது வரும், யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். மனைவி நீலாவதி. அந்தச் சமையலறையில் இரண்டு பேர் திரும்ப இடமில்லை என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

வேலை சுருக்கமாக முடிந்தது. கட்டடப் பிரிவு ஓவர்சியர் பன்னீர்செல்வம் வந்தார். சமையலறைக்கும் பின்வராந்தாவுக்கும் நடுவிலிருந்த, கரையான் தின்ற பலகைச் சுவரை ஒரு உதை உதைத்தார். அரை நாளில் சுவர் போய்விட்டது. வராந்தாவை உள்ளே சேர்த்து, வெளிப்புறம் மரக்கால் நட்டு, நெளிதகரம் அடித்தார்கள். மின்பிரிவிலிருந்து ஒயர்மேன் செபஸ்தியான் வந்து, எஸ்டிமேட்டில் எழுதியிருந்தபடி உத்தரத்தில் புதிய விளக்கைப் புதிய கம்பியோடு மாட்டினான்.

பழைய சுவரில் ஒரு பழைய விளக்கு இருந்தது. விளக்கைக் கழற்று என்று எஸ்டிமேட்டில் இருந்தது, கழற்றிவிட்டார்கள். அதற்குப் போன கம்பியைப் பற்றி எதுவும் இல்லை. சுவர் போனதும் கம்பி உத்தரத்திலிருந்து நாலு முழம் தொங்கியது.

"மதினி, இது சும்மா கெடக்குத கம்பின்னு நெனச்சிராதிய," என்றான் செபஸ்தியான். அவன் தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். தாமிரபரணிப் பக்கத்தார் என்றாலே சொந்தம் என்று இந்தத் தீவில் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள். "லைட்டுதான் போச்சு. கரண்ட் இருக்கு."

"லைட்டே இல்லையே, பெறவு கரண்ட் எங்க போவும்?"

"எங்கயும் போவாது. நடையில வந்து நிக்கும், எவனாவது கதவத் தொறப்பானான்னு."

அவன் சொன்னது சரிதான். சற்று நிதானமாகச் சொன்னால் எளிதில் புரியும். கம்பியில் மின்சாரம் ஓடுவதற்கு, போகும் வழியும் வேண்டும், திரும்பும் வழியும் வேண்டும். விளக்கு இருந்தபோது அதன் வழியாகப் போய்த் திரும்பியது. விளக்கை எடுத்ததும் ஓட்டம் நின்றது. ஓட்டம் நின்றதே தவிர, கம்பியின் மறுமுனை மெயின் சுவிட்சுப் பக்கத்திலுள்ள பியூஸ் பலகையில் மாட்டியபடிதான் இருக்கிறது. இருநூற்று முப்பது வோல்ட் அங்கிருந்து நுனிவரை தள்ளிக்கொண்டே நிற்கிறது. பயன்படாத கம்பிக்கும் பயன்படும் கம்பிக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமே இல்லை.

இதற்குச் செய்ய வேண்டியதும் பெரிய வித்தையல்ல. மெயினை அணைக்க வேண்டும். பியூஸைப் பிடுங்க வேண்டும். சோதனை விளக்கை வைத்து மின்சாரம் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். பியூஸ் பலகையிலிருந்து அந்தக் கம்பியின் இரண்டு இழைகளையும் கழற்ற வேண்டும். முடிந்தால் கம்பியையே உருவி எடுத்துவிடலாம். முடியாவிட்டால் எல்லா முனைகளையும் தனித்தனியே டேப் சுற்றி, ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, இது இன்ன கம்பி என்று மேலே எழுதிவிடலாம். ஒரு பீடி பிடித்து முடிக்கும் நேரம்கூட ஆகாது.

"இப்பமே கழத்தி விட்டுர வேண்டியதுதான, செபஸ்தி?" என்றார் ஜம்புலிங்கம்.

"எஸ்டிமேட்ல இல்லியே அண்ணாச்சி. ஆர்டர் இல்லாம கம்பில கைய வச்சா, என் கைய எடுத்துருவானுவ. ஒரு பேப்பர் வாங்கிக் குடுங்க, ஓடி வந்து செஞ்சிருதேன்."

ஒரு பேப்பர்தானே என்று ஜம்புலிங்கம் கிளம்பினார்.

பன்னீர்செல்வம் நல்ல மனிதர். நாற்காலி கொடுத்து உட்கார வைத்தார். "சார், சுவர் என்னோடது. இடின்னா இடிக்கிறேன். வேணும்னா இன்னொரு சுவரையும் சேர்த்து இடிச்சுத் தர்றேன். கம்பி என்னோடது இல்லையே. அது சுவத்துல இருந்த வரைக்கும் ஏதோ என் வீட்ல தங்குன விருந்தாளி மாதிரி. சுவரே போயிடுச்சு. இப்ப அந்தரத்துல இருக்கு. அந்தரம் எங்க டிவிஷன்ல வராது."

அடுத்து ஸ்டோர். ஸ்டோர் கீப்பர் பிஸ்வாஸ் பாபு வங்காளி. ஜம்புலிங்கமும் அவரும் தீவின் ஹிந்தியில் பேசிக்கொண்டார்கள்.

"தேக்கோ, ஜம்பு பாபு," என்று பிஸ்வாஸ் பாபு ஒரு நீளமான பட்டியலைப் பிரித்தார். "இங்கே கம்பியில் இரண்டே ஜாதி. உபயோகத்தில் உள்ளது, பழுதானது. உங்கள் கம்பி உபயோகத்தில் இருக்கிறதா?"

"இல்லை."

"பழுதா?"

"பழுதென்று சொல்ல முடியாது. கரண்ட் இருக்கிறது. அதுதான் பயம்."

"அச்சா! கரண்ட் இருக்கிறதென்றால் நல்ல கம்பி. நல்ல கம்பி ஏன் சும்மா இருக்கிறது? அப்படியானால் அது சும்மா இல்லை, தயாராக இருக்கிறது." அவருக்கே அந்த வார்த்தை பிடித்துப்போனது. 'தயார் நிலையில்' என்று எழுதினார். "பட்டாளத்தில் எல்லாரும் எப்போதுமா சுடுகிறார்கள்? தயாராக இருப்பதும் உத்தியோகம்தான்."

எழுதியதோடு நிற்கவில்லை. தயார் நிலையில் உள்ள கப்பல் சரக்கு தனியார் சமையலறையில் இருப்பதால் அதற்கு ஒரு பொறுப்பாளர் தேவை என்றார். ஜம்புலிங்கத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மறுநாள் இரண்டு பேர் வந்து கம்பிக்குப் பக்கத்தில் 'அரசு உடைமை, தொடாதே' என்று ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டுப் போனார்கள். நீலாவதிக்கு இரண்டும் படிக்கத் தெரியாது.

"என்னங்க எழுதியிருக்கு?"

"தொடக்கூடாதாம்."

"அதத்தான செபஸ்தி தம்பியும் சொல்லிச்சி. அதுக்கா ரெண்டு ஆளு?"

மூன்றாவதாக மரைன் ஹில்லில் மின்பிரிவு இன்ஜினீயர் கிருஷ்ணமூர்த்தியின் அறை. ஜன்னல் வழியே துறைமுகம் தெரியும். கிருஷ்ணமூர்த்தி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மிஸ்டர் ஜம்புலிங்கம், அந்தக் கம்பி ஆபத்துன்னு சொல்றீங்க. நான் மறுக்கலை. ஆனா அது உங்க அபிப்பிராயம். கப்பல் சரக்கு ஆபத்தா இல்லையான்னு குழு வந்து பார்த்துச் சொல்லணும். அவங்க வர்றதுக்கு முன்னாடியே ஆபத்தை நீக்கிட்டா, அவங்க வந்து எதைப் பார்ப்பாங்க? ஆபத்தே இல்லாத கம்பியைப் பார்த்து ஆபத்துன்னு எப்படிக் கையெழுத்துப் போடுவாங்க? மூணு பெரிய மனுஷங்களைப் பொய் சொல்ல வைக்கிறீங்களே!"

"கம்பிய எடுக்க வேண்டாம் சார். அந்தப் பக்கம் பியூஸ்ல இருந்து நுனியக் கழத்தி விட்டாப் போதும்."

"கரண்ட் வந்தா அது மின்கம்பி. கரண்ட் வராட்டா அது வெறும் செம்பு. செம்புக்கு வேற லிஸ்ட். ஒரு பொருளோட ஜாதியை மாத்த எனக்கே அதிகாரம் கிடையாது." குரலைத் தாழ்த்தினார். "இருபத்தியோரு வருஷ சர்வீஸ். என் கையில ஒரு அடி கம்பி வீணானதில்லை. எத்தனை பேரால இப்படிச் சொல்ல முடியும்?"

"வீட்ல பொம்பள நடமாடுத இடம் சார். ஆளுக்கு எதும்..."

"ஆளுங்க இந்த செக்‌ஷன் இல்லை," என்றார் கிருஷ்ணமூர்த்தி. வேண்டுமென்று சொன்னதல்ல. அவருக்குத் தெரிந்த தகவலைச் சொன்னார்.

ஜம்புலிங்கம் திரும்பி வந்து, எல்லாரும் சொன்னதை வரிசையாகச் சொன்னார். நீலாவதி உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "அப்ப யாருக்குமே இது தப்புன்னு தெரியாம இல்ல," என்றாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோவிலிலிருந்து வந்த செபஸ்தியான், கிளாரா கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். கிளாரா அவன் மனைவி. பொட்டலத்தை நீலாவதியிடம் கொடுத்துவிட்டு அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மதினி, அண்ணாச்சி எங்க?"

"கடைக்குப் போயிருக்காவ."

"நல்லதாப் போச்சு. அவுக பாக்கல. நீங்களும் பாக்காண்டாம், அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

மெயினை அணைத்தான். பியூஸைப் பிடுங்கினான். சோதனை விளக்கால் இரண்டு முறை பார்த்துவிட்டுக் கம்பியைக் கழற்றி, முனைகளில் டேப் சுற்றினான். கம்பியைச் சுருட்டி உத்தரத்தின் மேல் வைத்தான். அட்டையை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டான். பியூஸைச் செருகி, மெயினைப் போட்டான். நீலாவதி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அன்று அவள் சமையலறையில் பாட்டு முணுமுணுத்ததை ஜம்புலிங்கம் கடையிலிருந்து வரும்போது வாசலில் கேட்டார். புதிய சமையலறையில் அவள் நிம்மதியாகச் சமைத்தது அதற்குப் பிறகு வந்த ஐந்து வாரங்கள்தான்.

அக்டோபர் கடைசியில், குழு வருவதற்கு முன்பாகச் சரக்குகளை முன்பார்வையிட பிஸ்வாஸ் பாபு வந்தார். கையில் ஒரு சோதனை விளக்கு. எந்தப் பொருளையும் சோதித்துப் பழக்கமில்லாதவர் இதை மட்டும் டேப்பை விலக்கிச் சோதித்தார். விளக்கு எரியவில்லை. அன்று மாலையே மரைன் ஹில்லுக்கு அறிக்கை போனது: ஏழாம் நம்பர் வீட்டிலுள்ள அரசாங்கக் கம்பியிலிருந்து மின்சாரம் காணாமல் போயிருக்கிறது.

விசாரணை நடந்தது. ஜம்புலிங்கம் பொறுப்பாளர் என்பதால் அவரையும் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள்.

"கம்பியில் இருந்த கரண்ட் எங்கே?" என்று கேட்டார் கிருஷ்ணமூர்த்தி.

"நான் எங்கயும் கொண்டு போவல சார்," என்றான் செபஸ்தியான். "பியூஸ் வரைக்கும் இருக்கு. அதுக்கு அங்கிட்டுதான் இல்ல."

"ஆகஸ்ட் மாதம் இருந்தது. பட்டியலில் இருக்கிறது. இப்போது இல்லை. நடுவில் யாரோ எடுத்திருக்க வேண்டுமே."

"கழத்துனது நாந்தான் சார். ஒரு உசிரு போயிரக் கூடாதுன்னு."

"போயிருக்கா?"

"இல்ல சார்."

"போகலை. குறிச்சுக்குங்க," என்றார் கிருஷ்ணமூர்த்தி குமாஸ்தாவிடம். "இல்லாத ஒரு சம்பவத்தைத் தடுப்பதற்காக, இருந்த ஒரு கம்பியின் நிலையை மாற்றியிருக்கிறார்."

தீர்ப்பு இரண்டு பகுதியாக வந்தது. செபஸ்தியான், வடக்கே படகில் போக வேண்டிய மாயாபந்தருக்கு மாற்றம். போவதற்கு முன் கம்பியைப் பழைய நிலைக்கு அவனே கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் வேலை கிடையாது. கிளாராவுக்கு அப்போது எட்டு மாதம்.

பழைய நிலை என்று எழுதினார்களே தவிர, குழு வருகிறதென்றால் பழைய நிலை போதாது அல்லவா? பிஸ்வாஸ் பாபு கூடவே நின்று ஏற்பாடுகளைச் சொன்னார். மெயின்லேண்ட் உறுப்பினர் வயதானவர், அண்ணாந்து பார்க்க முடியாது. ஆகவே கம்பியைக் கண்மட்டத்துக்கு இறக்கித் தகரச் சுவரோடு நேராக இழுத்துக் கட்ட வேண்டும். அப்போதுதான் அளக்கவும் வசதி. முனைகளிலுள்ள டேப்பை எடுத்துவிட வேண்டும். குழு செம்பைப் பார்க்க வேண்டும்.

"பாபு, தகரத்துல கட்டக் கூடாது," என்றான் செபஸ்தியான். "அடியில கட்டையாவது குடுத்துக் கட்டுதேன்."

"கட்டைக்கு ஆர்டர் நஹி ஹை."

இரும்புக் கிளிப்பால்தான் கட்டினான். கடைசியாக மெயின் சுவிட்சுக்கு வந்தார்கள். குழு வருமுன் யாரும் மறுபடி மின்சாரத்தை எடுத்துவிடக் கூடாதென்று, கைப்பிடியை 'ஆன்' நிலையில் வைத்து, பியூஸ் மூடியோடு சேர்த்து மெல்லிய கம்பி கோத்து, ஈய சீல் அடித்தார்கள். சீலில் இலாகா முத்திரை இருந்தது. அதற்கும் ஜம்புலிங்கம் கையெழுத்துப் போட்டார்.

பிஸ்வாஸ் பாபு போனபிறகு செபஸ்தியான் தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையைத் தூக்காமலே சொன்னான்: "மதினி, கேளுங்க. தகரத்துப் பக்கம் கையே போவக் கூடாது. அடுப்புக்கு முன்னால ஒரு பலவ போட்டிருக்கேன். அதுல ஏறி நின்னுதான் எதையும் செய்யணும். வெறுங்காலோட தரையில நிக்கப்பிடாது. பலவையில நின்னா கரண்டுக்கு மண்ணுக்குப் போவ வழி கெடையாது. கப்பல் வந்ததும் எடுத்துருவாவ. அது மட்டும்."

"நீ அழாத தம்பி," என்றாள் நீலாவதி. "கிளாராவ நான் பாத்துக்கிடுதேன். பேறுகாலத்துக்கு நான் இருக்கேன்."

அவன் மாயாபந்தர் படகில் போனான். மெட்ராஸ் கப்பல் வியாழக்கிழமை வர வேண்டும். ஜம்புலிங்கம் பயணிகள் பட்டியலைப் பார்த்துக் குழு உறுப்பினரின் பெயர் இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டார். இன்னும் நாலு நாள்.

நாலு நாளும் நீலாவதி பலகையில் நின்று சமைத்தாள். தகரத்துக்கும் அடுப்புக்கும் நடுவே இரண்டடி இடம்தான். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு கரண்டியைப் பிடித்தாள். புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கூரையும் புதுத் தகரமும் சேரும் இடத்தில் அடைக்காமல் விட்ட இடைவெளி வழியே தண்ணீர் சொட்டியது.

"அந்த சீல பிச்சி எறிஞ்சிருங்க," என்றாள். "என்ன செஞ்சிருவாவ? வேலைய விட்டுத் தூக்குனா ஊருக்குப் போயி விறகு வித்துப் பொழைப்போம்."

"நாளைக்குக் கப்பல், நீலா."

"நீங்க பிக்காட்டா நான் பிக்கேன்."

"என் கையெழுத்து இருக்குட்டி அதுல. ஒரு நாளு. பொறுத்துக்க."

அவள் பொறுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை கவுண்டருக்கு மூன்று நாள் தாமதமாக ஒரு தந்தி வந்தது. வங்கக் கடலில் புயல் சின்னம். கப்பல் மெட்ராஸை விட்டே கிளம்பவில்லை. எப்போது வருமென்று சொல்ல முடியாது. ஜம்புலிங்கம் கவுண்டரைப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, குடைகூட எடுக்காமல் மரைன் ஹில் ஏறினார். கிருஷ்ணமூர்த்தி வெளியே போயிருந்தார். கப்பல் வராததால் சீலை உடைக்க அனுமதி வேண்டும் என்று குமாஸ்தாவிடம் சொன்னார்.

"எழுதிக் குடுங்க. மூணு காப்பி," என்றார் குமாஸ்தா. "கார்பன் வேண்டாம், கப்பல் சரக்கு விஷயம். மூணும் கையால எழுதணும்."

ஜம்புலிங்கத்துக்கு அழகான கையெழுத்து. ஈரக் கை தாளில் படாமல் கைக்குட்டையை வைத்துக்கொண்டு எழுதினார். மூன்றாவது காப்பி எழுதிக்கொண்டிருந்தபோது மணி பதினொன்றே கால். அந்த நேரத்தில்தான் ஷாதிபூரில் நீலாவதி சோறு வடிக்க அலுமினியப் பானையை இறக்கினாள்.

என்ன நடந்தது என்பதைப் பிறகு ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். நடந்தது இதுதான். அந்தக் காலத்துக் கம்பிக்கு ரப்பர் உறை, அதன்மேல் நூல் பின்னல். உப்புக்காற்றில் ரப்பர் சில வருடங்களில் பொரித்த அப்பளம்போல நொறுங்கும். இரும்புக் கிளிப் இறுக்கிய இடத்தில் உறை நொறுங்கி, செம்பு தகரத்தைத் தொட்டது. தகரம் மரக்காலில் நிற்பதால் மின்சாரத்துக்கு மண்ணுக்குப் போகத் தாராளமான வழியில்லை. அதனால் எந்தப் பொறியும் இல்லை, சத்தமும் இல்லை. சுவர் முழுக்க மின்சாரம் காத்து நின்றது. பானையின் விளிம்பு சுவரில் பட்டது. அவள் சொன்னபடி பலகையில்தான் நின்றாள். ஆனால் காய்ந்த பலகைதான் மின்சாரத்தைத் தடுக்கும். ஒரு நாள் முழுக்க மழையில் ஊறிய பலகை தடுக்காது.

பியூஸ் ஏன் போகவில்லை என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். பியூஸின் வேலை அதுவல்ல. அளவுக்கு மிஞ்சி ஓடினால் கம்பி சூடேறி எரிந்துபோகும். அப்படி ஆகாமல் கம்பியைக் காப்பாற்றத்தான் பியூஸ் வைக்கிறார்கள். ஒரு மனித உடம்பைக் கொல்லத் தேவைப்படும் மின்சாரம் மிகவும் கொஞ்சம். ஒரு சிறு விளக்குக்கு வேண்டிய அளவுகூட இல்லை. அதை பியூஸ் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை.

கிருஷ்ணமூர்த்தி அன்று மாலையே துக்கம் விசாரிக்க வந்தார். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தார். ஜம்புலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். போகும்போது மெயின் சுவிட்சுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். சீல் அப்படியே இருந்தது.

குழு பதினோரு நாள் கழித்து வந்தது. மெயின்லேண்ட் உறுப்பினருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே, மெத்தை வைத்த நாற்காலியில் சமையலறை வாசலில் உட்கார்ந்தார். மற்ற இருவர் வேறு யாருமல்ல, கிருஷ்ணமூர்த்தியும் பிஸ்வாஸ் பாபுவும்தான். கம்பியை அளந்தார்கள். நாலு முழம் என்பது ஆறடி நாலங்குலம் என்று தெரியவந்தது.

"இதைக் கழிக்கக் காரணம்?" என்று கேட்டார் மெயின்லேண்ட் உறுப்பினர்.

"பயன்பாடற்றது, ஆபத்தானது என்று குடியிருப்பவர் புகார்," என்றார் கிருஷ்ணமூர்த்தி.

"ஆபத்துக்கு ஆதாரம்?"

டாக்டரின் சான்றிதழைக் கொடுத்தார்கள். மின்சாரம் தாக்கி மரணம் என்று எழுதியிருந்தது. உறுப்பினர் அதை இரண்டு முறை படித்தார். நேர்மையான மனிதர். படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

"இந்தச் சான்றிதழ் என்ன சொல்கிறது? மின்சாரம் இந்தக் கம்பி வழியாகக் கடைசி அங்குலம்வரை தங்குதடையின்றி வந்திருக்கிறது என்கிறது. ஒரு அரசாங்க டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதைவிட நல்ல சோதனை எந்த லேபரட்டரியிலும் செய்ய முடியாது. நல்ல நிலையில் வேலை செய்யும் கம்பியை எப்படிக் கழிப்பது?"

மற்ற இருவரும் யோசித்தார்கள்.  'சீராக இயங்குகிறது. தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். பொறுப்பாளர் மாற்றமில்லை' என்று எழுதினார்கள். மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். அன்று மழையில் போய் ஜம்புலிங்கம் மூன்று காப்பி எழுதிய மனுவுக்கும் பதில் கையோடு வந்தது. குழு வந்துவிட்டபடியால், குழு வரும்வரை சீலை உடைக்க அனுமதி கோரும் மனு இனி அவசியமற்றது.

ஜம்புலிங்கம் சமையலறைக்குள் போவதில்லை. பஜாரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டார். கவுண்டரில் வழக்கம்போல டிக்கெட் கொடுத்தார்.

டிசம்பர் நடுவில் ஒரு பிற்பகல் செபஸ்தியான் வந்தான். கிளாராவுக்குக் குழந்தை பிறந்ததைச் சொல்லத்தான் மாயாபந்தருக்கு ஆள் போயிருந்தது. போன ஆள் நீலாவதி போனதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். படகிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்திருந்தான். பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை. வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

"என் கையால கட்டுன கம்பி, அண்ணாச்சி."

"அத அவுத்ததும் நீதானடே," என்றார் ஜம்புலிங்கம். "இந்த ஊர்ல அத அவுத்தது நீ ஒருத்தன்தான். உள்ள வா."

இருவரும் உட்கார்ந்தார்கள். பிறகு செபஸ்தியான் எழுந்து சமையலறை வாசல்வரை போனான். இடுப்பிலிருந்து கம்பி வெட்டும் குறட்டை எடுத்தான்.

"இத எடுத்துருதேன்."

"விடு. இனி யாருக்கு?"

"உங்கள மாத்துனா இந்த வீட்டுக்கு வேற ஆளு குடி வருமே அண்ணாச்சி. அந்த மதினியும் இங்க நின்னுதான சோறு வடிப்பாவ."

ஜம்புலிங்கம் எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்து மெல்ல விலக்கினார். "சீல நீ தொடாத. உனக்குப் பிள்ள பொறந்திருக்கு. நான் எடுக்கேன்."

செபஸ்தியான் குறட்டை நீட்டினான்.

ஈயம் மிகவும் மென்மையான உலோகம். சீல் வைக்க அதைத் தேர்ந்தெடுப்பதே அதனால்தான். முத்திரை எளிதில் பதியும். யாராவது தொட்டால், தொட்டது தெரியும். யாரையும் தடுக்கும் பலம் அதற்குக் கிடையாது, அதற்காக அதை வைப்பதும் இல்லை. இது ஜம்புலிங்கத்துக்கு அதுவரை தெரியாது. அவர் குறட்டை வாங்கவில்லை. இரண்டு விரலால் ஒருமுறை திருகினார். கையோடு வந்துவிட்டது.

அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணாச்சி, மெயின அணைங்க," என்றான் செபஸ்தியான்.

இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டது.